துருவின் மேல் விழுந்த பழி

துருப்பிடித்த ஆணி குத்தினால் ரணஜன்னி வரும் என்று காசிமேட்டுப் படகுத்துறையிலும் திருவொற்றியூர் வெல்டிங் பட்டறைகளிலும் சொல்லாதவர் இல்லை. பாவம் துரு. அது வெறும் இரும்பு ஆக்சைடு. நோயைக் கொடுப்பது கிளாஸ்டிரிடியம் டெட்டானி என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் தெருப்புழுதியிலும் வருஷக்கணக்கில் கிடக்கும். காற்றுப் படாத இடம் கிடைத்தால்தான் முளைக்கும். ஆணி அந்த இடத்தை ஆழத்தில் உண்டாக்கித் தருகிறது, அவ்வளவுதான். புழுதி ஒட்டிய புதுக் கம்பியும் அதையே செய்யும். காயத்தில் டீசல் ஊற்றி, சுண்ணாம்பு அப்பி, கிரீஸ் துணியால் இறுக்கிக் கட்டுவது வித்துக்குச் செய்யும் உபகாரம். ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும், பிறகு ஆஸ்பத்திரி.

தாடை கிட்டிப்போய் முதுகு வில்லாய் வளைவதைப் பார்ப்பவர்கள், விஷம் தசையில் ஏறிவிட்டது என்பார்கள். தசை நன்றாகத்தான் இருக்கிறது. காயத்தில் உருவாகும் நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போகிறது. தசையை இயக்கும் நரம்பணுக்களை அடக்கி வைப்பதற்கென்றே அங்கே வேறு நரம்பணுக்கள் உண்டு. கிளைசின், காபா என்ற பொருள்களைச் சுரந்து ‘போதும்’ என்று சொல்பவை. அந்தப் பொருள்கள் நுண்பைகளில் காத்திருக்கும். பை திறக்கத் தேவையான சினாப்டோபிரெவின் புரதத்தை நஞ்சு வெட்டிவிடுகிறது. ‘போதும்’ சொல்ல ஆளில்லாமல் தசை இறுகிக்கொண்டே போகிறது.

போடாக்ஸ் பாம்பு விஷம் என்பாரும் உண்டு. இல்லை, அது இந்தப் பாக்டீரியாவின் உறவுக்காரனுடைய நஞ்சு. அதுவும் இதே மாதிரி புரதத்தை வெட்டுவதுதான். ஆனால் தசையைத் தொடும் நரம்பு முனையில். அசிடைல்கோலின் வெளிவராததால் தசை துவண்டுவிடுகிறது. மாறுகண்ணுக்கு மருந்தாக அமெரிக்கா அதை 1989இல் அனுமதித்தது. அந்த உறவுக்காரப் பாக்டீரியாவின் வித்து தேனில் இருக்கக்கூடும். சேனை வைக்கிறேன் என்று ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தடவக் கூடாது.

ரணஜன்னி இசிவை வலிப்பென்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது நம் வழக்கம். காக்காவலிப்புக்கே அதனால் பயனில்லை. இங்கே பயனில்லாததோடு கெடுதலும் உண்டு. நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும், ஒவ்வொரு இசிவின் வலியும் தெரியும். தொட்டாலும், சத்தம் கேட்டாலும், வெளிச்சம் பட்டாலும் அடுத்தது வரும். சுற்றிக் கூடிக் கத்தும் கூட்டமே அவருக்கு எமன். அதனால்தான் இருட்டான, அமைதியான அறையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அடிபட்டதும் ஒரு டிடி ஊசி, கவலை விட்டது என்பது இன்னொன்று. ஏற்கெனவே முறையாகப் போட்டவருக்கு அது நினைவூட்டல். போடாதவருக்கு அது மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 1978இல். அதற்கு முன் பிறந்த வலைக்காரர், லோடுமேன் பலருக்கு அந்த அடித்தளமே இருக்காது. தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்ததாக 2015இல் அறிவித்தார்கள். மண்ணிலுள்ள வித்துக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது.

ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு இனி வராது என்பதும் பொய். ஆளைக் கொல்லும் அளவு நஞ்சுகூட எதிர்ப்பாற்றலைத் தூண்டப் போதாது. ஆகவே பிழைத்து வீடு திரும்புகிறவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும்.