நிறையாத தொட்டி நல்ல தொட்டியா?
வீட்டுக் கழிவுத் தொட்டியின் கோளாறுகளும் பரிகாரங்களும்

நெசவாளர் குடும்பமாயினும் விவசாயக் குடும்பமாயினும், வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் தறியும் நிற்கும். காட்டு வேலையும் நிற்கும். டைபாய்டு, மஞ்சட்காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவை மலம் கலந்த நீரினால் பரவும் நோய்கள். ஆகவே வீட்டுக் கழிவுத் தொட்டியைப் பற்றி அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பாதாளச் சாக்கடை எட்டாத ஊர்களில் வீடு கட்டியவர் சிலர், "எங்கள் செப்டிக் டாங்க் இருபது ஆண்டுகளாக நிறையவே இல்லை" என்று பெருமையுடன் கூறக் கேட்கிறோம். இது பெருமைக்குரிய செய்தியன்று, ஆபத்தின் அறிகுறி. ஏன் என்பதையே இப்பாடத்தில் முதலில் காண்போம்.

1. தொட்டி வேலை செய்யும் விதம்

பிரான்சு நாட்டில் மூரா என்பவர் 1881-ஆம் ஆண்டில் இத்தகைய தொட்டிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்டு கேமரான் என்பவர் 1895-இல் அமைத்த தொட்டிக்கே "செப்டிக்" என்னும் பெயர் வழங்கலாயிற்று. தத்துவம் எளியது. கழிவுநீர் அசையாது தங்கும்போது கனமானவை அடியில் வண்டலாகப் படிகின்றன; எண்ணெய்ப் பசையுள்ளவை மேலே ஆடையாக மிதக்கின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலின் ஒரு பகுதியைச் செரித்துவிடுகின்றன. இடைப்பட்ட நீர் மட்டும் வெளிக்குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குச் செல்கிறது.

நன்கு கட்டிய தொட்டி, வீட்டார் புழங்கத் தொடங்கிய சில நாட்களிலேயே வெளிக்குழாயின் மட்டம் வரை நிறைந்துவிடும். பின்னர் எப்போதும் அம்மட்டத்திலேயே நிற்கும். நிறையாத தொட்டி எனில், அதன் அடியிலோ சுவரிலோ நீர் கசிந்து மண்ணுக்குள் போகிறது என்பதே பொருள். அடித்தளம் போடாமல் உறைகளை மட்டும் இறக்கிய குழிகளையும் பலர் செப்டிக் டாங்க் என்றே அழைக்கின்றனர். அவை தொட்டிகள் அல்ல.

2. நம் வட்டாரத்தில் ஆபத்து அதிகம்

பாலக்கோடு வட்டாரம் பாறைப் பூமி. பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீரே கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஊற்றாகிறது. ஆழமான மண்ணில் மெல்ல இறங்கும் கழிவுநீர் ஓரளவு வடிகட்டப்படும். பாறை வெடிப்பில் இறங்கினாலோ, வடிகட்டப்படாமலே கிணற்றைச் சென்று சேரக்கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதால் கிணற்றைப் பற்றிக் கவலையில்லை என எண்ணலாகாது. குழாய் நீர் வராத நாளில் நாம் நாடுவது கிணற்றையே.

கழிவிலிருந்து நைட்ரேட் என்னும் உப்பும் நிலத்தடி நீரில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. நீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும், நைட்ரேட் நீங்காது.

தொட்டி கசிகிறதா என அறிய வழி உண்டு. லாரியால் கழிவை எடுத்தபின், வெளிக்குழாய் மட்டம் வரை நீர் நிரப்பி, ஒரு நாள் முழுதும் புழங்காது விட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் தொட்டி கசிகிறது. அதற்குள் ஆளை இறக்கிப் பூச முயலுதல் கூடாது. நீர்க்கசிவற்ற புதிய தொட்டி அமைப்பதே தக்கது. ஐவர் உள்ள குடும்பத்திற்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், நீர் நிற்க ஒரு மீட்டர் ஆழம் போதும் என இந்தியத் தர விதி கூறுகிறது. உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 60 அடிக்குள், இருத்தலாகாது. பாறைப் பூமியில் இதனினும் கூடுதல் தூரம் விடுதல் நலம்.

3. கோளாறு எங்கே உள்ளது?

நீர் போகவில்லை என்றவுடன் லாரியை அழைப்பது வழக்கம். முதலில் கோளாறு உள்ள இடத்தைக் கண்டறிதல் வேண்டும்.

(அ) ஒரு கழிப்பறையில் மட்டும் நீர் தேங்கினால், அடைப்பு அதன் குழாயிலேயே உள்ளது. தொட்டிமேல் குற்றமில்லை.

(ஆ) எல்லா இடத்திலும் தேங்கினால், வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள சேம்பரைத் திறந்து பார்க்கவும். அது காலியாக இருப்பின் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பி இருப்பின் அடைப்பு தொட்டிப் பக்கம்.

(இ) தொட்டியில் நீர் வெளிக்குழாய்க்கு மேல் ஏறி நின்றால், வெளிக்குழாய் அடைந்துள்ளது. அல்லது உறிஞ்சுகுழி நீரை ஏற்க மறுக்கிறது.

(ஈ) கழிவை எடுத்த சில நாட்களிலேயே மீண்டும் தேங்கினால், குறை பெரும்பாலும் உறிஞ்சுகுழியில்தான். பல ஆண்டுகள் வண்டல் எடுக்காததால் அது வழிந்து சென்று மண்ணின் துளைகளை அடைத்திருக்கும். மீண்டும் மீண்டும் லாரிக்குப் பணம் கொடுப்பது வீண். புதிய உறிஞ்சுகுழி தேவை. குளித்த நீரையும் துவைத்த நீரையும் வாழை, தென்னைக்குத் திருப்பிவிட்டால் குழியின் சுமை குறையும்.

(உ) மழைக்காலத்தில் மட்டும் தேங்கினால், மழைநீர் தொட்டிக்குள்ளோ உறிஞ்சுகுழிக்குள்ளோ புகுகிறது. மூடியையும் சுற்றுத்தரையையும் உயர்த்துக.

(ஊ) வீட்டுக்குள் நாற்றம் வந்தால், புழங்காத கழிப்பறையின் வளைகுழாயில் நீர் வற்றியிருக்கலாம். ஒரு வாளி நீர் ஊற்றினால் தீரும். தீரவில்லையெனில் காற்றுக் குழாயில் அடைப்பு உள்ளதா எனப் பார்க்கவும். அதன் வாயில் கொசுவலை கட்டுதலும் அவசியம்.

4. தொட்டியில் விடத்தகாதவை

பட்டுப்புழு மனையைச் சுத்திகரிக்கப் பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துகிறோம். புழுக்களைத் தாக்கும் கிருமிகளைக் கொல்லும் அக்கரைசல், தொட்டியில் நமக்கு உழைக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். மனை கழுவிய நீரைத் தொட்டியில் விடலாகாது. சாயத் தொட்டி நீர், காரம், அமிலம், சமையல் எண்ணெய், துணி, பிளாஸ்டிக் ஆகியனவும் ஆகா. தொட்டிக்கென விற்கும் பொடிகளோ சாணக் கரைசலோ வேண்டியதில்லை. தேவையான நுண்ணுயிர்கள் மலத்திலேயே உள்ளன.

5. வண்டல் எடுத்தல்

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டலை எடுத்தல் வேண்டும். வண்டலும் ஆடையும் சேர்ந்து நீராழத்தில் பாதியை எட்டும்வரை காத்திருத்தல் தவறு. எடுப்பது உறிஞ்சு லாரியால் மட்டுமே. தொட்டிக்குள் உள்ள விஷவாயு நொடியில் மயக்கும். ஒருவரைக் காக்க இறங்கிய மற்றவரும் மாண்ட துயரங்கள் பல. மூடியருகே தீக்குச்சி கிழித்தலும் கூடாது. பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கழிவுத் துப்புரவில் இறந்தோரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. எத்தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

எடுத்த வண்டலை எருவெனக் கருதித் தக்காளித் தோட்டத்தில் கொட்டச் சொல்லுதலும் பெருந்தவறு. அதிலுள்ள குடற்புழு முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் உயிரோடிருக்கும். உரிமம் பெற்ற லாரியை அமர்த்தி, வண்டல் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்கிறதா எனக் கேட்டறிவது நம் கடமை.

6. ஒன்றுபட்டுச் செய்வோம்

ஒரு வீட்டுத் தொட்டியின் கசிவு அடுத்த வீட்டுக் கிணற்றைக் கெடுக்கும். ஆகவே இது தனி ஒருவர் காரியமன்று. மகாராஷ்டிரத்தின் வாய் நகரில் 2018 முதல் முறைவைத்து மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடுதோறும் வண்டல் எடுக்கின்றனர். நம் சங்க அங்கத்தினரும் தெருவாரியாகச் சேர்ந்து, மாதந்தோறும் சிறுதொகை சேமித்து, ஒரே நாளில் லாரி அமர்த்தலாம். நூலும் உரமும் கூடி வாங்கப் பழகிய நமக்கு இது அரிதன்று.

வினாக்கள்

1. நிறையாத தொட்டி ஏன் ஆபத்தானது?
2. உங்கள் உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் எவ்வளவு? அளந்து கூறுக.
3. கழிவை எடுத்தும் உடனே நீர் தேங்கினால் குறை எங்குள்ளது?
4. உங்கள் தெருவில் எத்தனை வீடுகள் மூன்றாண்டுகளுக்குள் வண்டல் எடுத்துள்ளன?