லேப் வேலைக்கு ஒரே அயனி: தயோசயனேட்டைப் பிடியுங்கள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் லேப் வேலை காலி என்றால் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரெஸ்யூமேக்கள் குவிந்துவிடும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உங்களுடையது தனியாகத் தெரிய வேண்டுமா? தயோசயனேட்டை ஆழமாகப் படியுங்கள்.

1. பிளஸ் டூ லேபிலிருந்து தொடங்குங்கள். ஃபெரிக் உப்போடு தயோசயனேட் சேர்ந்தால் ரத்தச் சிவப்பு. தோலில் கருங்கறை விழுந்ததும் இரும்பா, பூஞ்சணமா என்று சூப்பர்வைசர் கேட்பார். கறை மேல் ஒரு சொட்டு நீர்த்த அமிலம், ஒரு சொட்டு அமோனியம் தயோசயனேட். சிவந்தால் இரும்பு. உடனே துருப்பிடித்த குழாயைத் தேடச் சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்பவரை மேனேஜர் மறக்க மாட்டார்.

2. வோல்ஹார்ட் டைட்ரேஷன் கைக்கு வரவேண்டும். தோல் ஷாப்புக் கழிவு பற்றிய பாலாற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு சொன்ன பிறகு, இந்த வட்டாரத்தில் உப்புக் கணக்கு தெரியாத கெமிஸ்டுக்கு மதிப்பில்லை. பதனிடும் முன் தோலை ஊறவைக்கும் பிக்கிள் நீர் அமிலம். மோஹ்ர் முறை அங்கே ஏமாற்றும். வோல்ஹார்ட் முறைக்கு அமிலமே வேண்டும். சில்வர் நைட்ரேட்டை அதிகமாக விட்டு, மிச்சத்தைத் தயோசயனேட்டால் அளக்கிறோம். வீழ்படிவை வடிகட்டாமல் அளந்தால் குளோரைடு குறைவாகத்தான் காட்டும். புதியவர்கள் சறுக்கும் இடம் இதுவே.

3. பணம் இருக்கும் இடம் டி.சி.எம்.டி.பி. என்ற பூஞ்சணக்கொல்லி. குரோமில் பதனிட்ட வெட் ப்ளூ தோலில் பாதிக்கு மேல் தண்ணீர், பி.எச். 4-க்குப் பக்கம். அந்த அமிலத்தில் பாக்டீரியா ஒடுங்கும், பூஞ்சணம் ஒடுங்காது. அதைத் தடுக்கப் போடும் இந்த மருந்து ஒரு கரிமத் தயோசயனேட். முன்பு பென்டாகுளோரோபீனால் போட்டார்கள். ஜெர்மனி 1989-இல் அதைத் தடைசெய்து, பொருள்களில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என வரம்பு வைத்தது. நம் ஏற்றுமதியாளர்கள் தவித்துப்போனார்கள். அதனால்தான் பையர் இன்றும் ஒவ்வொரு மருந்துக்கும் ரிப்போர்ட் கேட்கிறார்.

இன்டர்வியூவில் ஒரு கேள்வி வரலாம்: "டி.சி.எம்.டி.பி.யை ஃபெரிக் குளோரைடு விட்டுக் கண்டுபிடிக்கலாமா?" முடியாது. அதில் தயோசயனேட் அயனியாகத் தனித்து நிற்பதில்லை, மூலக்கூறோடு பிணைந்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 13365 சொல்கிறபடி எச்.பி.எல்.சி.யில்தான் அளக்க வேண்டும். வெப்பமும் வெளிச்சமும் பட்டால் அது சிதையும். வெயிலில் கிடந்த சாம்பிளை ஓட்டிவிட்டு மருந்து குறைவு என்று ரிப்போர்ட் எழுதினால், டிரம்மில் கூடுதலாகப் போடுவார்கள். பையர் லாட்டையே திருப்பி அனுப்புவார். சாம்பிள் எடுத்த நேரம், வைத்த இடம், ஓட்டிய நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஆடிட்டர் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

4. உடம்பைப் பாருங்கள். டி.சி.எம்.டி.பி. நம் சருமத்தில் ஒவ்வாமை உண்டாக்கும், மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்து, மீனுக்கு நஞ்சு. கையுறை இல்லாமல் கேனைத் தொடாதீர்கள். தயோசயனேட் கழிவோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள். சயனைடு வகை விஷவாயு கிளம்பும். சீனியர் அவசரப்படுத்தினாலும் "முடியாது சார்" என்று சொல்லுங்கள்.

இன்டர்வியூவுக்கு முன் டி.சி.எம்.டி.பி.யின் சேஃப்டி டேட்டா ஷீட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.