மருந்து இருக்கிறது, அது போய்ச் சேரும் வழி எது?

குளம் நிறைந்திருக்கும். மடையும் திறந்திருக்கும். ஆனால் வாய்க்கால் இடையில் உடைந்திருந்தால் கடைசி வயலுக்கு ஒரு சொட்டு நீரும் போய்ச் சேராது. இதை எமது விவசாயிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நோய்களுக்கான மருந்துகளின் கதையும் இவ்வாறானதே. எச்.ஐ.வி. தொற்றுக்கும், ஹெப்படைட்டிஸ் சி எனப்படும் ‘சி’ வகை ஈரல் அழற்சிக்கும் இன்று நல்ல மருந்துகள் உண்டு. ஆயினும் இவ்விரு நோய்களும் கடுமையாகத் தாக்கும் ஒரு பகுதியினருக்கு அம்மருந்துகள் பல நாடுகளில் கடைசியாகவே போய்ச் சேருகின்றன. ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரையே இங்கு குறிப்பிடுகின்றோம். ‘முதலில் பழக்கத்தை விடட்டும், பிறகு வைத்தியம் பார்ப்போம்’ என்பதே நெடுங்காலமாக அவர்களுக்குக் கிடைத்த பதில். இப்பதில் சரியானதா? ஸ்கொட்லாந்து நாட்டின் மூன்று நகரங்களில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தவற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இரண்டு கிருமிகள், இரண்டு வகைச் சிகிச்சை

இவ்விரண்டும் வைரசுக் கிருமிகளே. இரண்டும் குருதி வழியாகப் பரவுவன. எச்.ஐ.வி. உடலுறவு மூலமும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் கூடப் பரவும். ‘சி’ வைரசு பெரும்பாலும் குருதி மூலமே பரவுகின்றது. ஒருவர் பாவித்த சிறிஞ்சினுள் எஞ்சியிருக்கும் குருதியில் ‘சி’ வைரசு 63 நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்கக் கூடும் என ஆய்வுகூடப் பரிசோதனைகளில் கண்டுள்ளனர். ஊசி மாத்திரமல்ல, போதைப்பொருளைக் கரைக்கும் கரண்டி, வடிக்கும் பஞ்சு, கலக்கும் நீர் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதும் ஆபத்தானதே.

உடலினுள் சென்றபின் இவை நடந்துகொள்ளும் விதம் வேறுபடுகின்றது. எச்.ஐ.வி. நோயெதிர்ப்புச் சக்தியைத் தரும் வெண்குருதிக் கலங்களுள் ஒரு வகையினுள் புகுந்து, தனது பரம்பரைச் செய்தியை அக்கலத்தின் கருவிலேயே எழுதிவிடுகின்றது. எழுதியதை அழிக்க இன்றைய மருந்துகளால் இயலாது. அது பெருகுவதைத் தடுக்கவே இயலும். எனவே குளிசைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். ஒழுங்காக எடுப்பவரின் குருதியில், பரிசோதனையிலும் அகப்படாத அளவுக்கு வைரசு குறைந்துவிடும். அந்நிலையில் உள்ளவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று மற்றவருக்குப் பரவுவதில்லை என்பது பெரிய ஆய்வுகளால் உறுதியாகியுள்ளது.

‘சி’ வைரசோ ஈரற் கலங்களில் வாழ்வது. அது கலத்தின் கருவில் எதையும் எழுதி வைப்பதில்லை. ஓயாது தன்னைப் பிரதி செய்துகொண்டே இருந்தால்தான் அது நிலைத்திருக்க முடியும். அப்பிரதி செய்யும் வேலையைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டால் வைரசு முற்றாக அற்றுப்போகும். இக்காரணத்தினாலேயே ‘சி’ வகை ஈரல் அழற்சியைக் குணமாக்க முடிகின்றது. தொற்றியவர்களில் சிலருக்கு முதல் ஆறு மாதங்களில் அது தானாகவே நீங்கிவிடும். ஏனையோரின் உடலில் இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமின்றி இருந்து ஈரலைத் தழும்பாக்கி, சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்கும். இரண்டு வைரசுகளும் ஒருவரில் சேர்ந்திருந்தால் ஈரல் இன்னும் விரைவாகக் கெடும்.

எடின்பரோ: ஊசியை மறுத்ததன் விலை

1980களின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஹெரோயின் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. வேலையற்ற இளைஞர்கள் நிறைந்த குடியிருப்புகளில் ஊசியேற்றும் பழக்கம் பரவியது. இதனை அடக்க எண்ணிய பொலிசார் சிறிஞ்சுகளைப் பறிமுதல் செய்தனர். பாமசிகளும் அவற்றை விற்பதைக் கைவிட்டன. ஊசி இல்லையேல் பழக்கமும் இல்லாது போகும் என்பது எதிர்பார்ப்பு. பழக்கம் நிற்கவில்லை. கையில் அகப்பட்ட ஒரே சிறிஞ்சைப் பலர் மாறி மாறிப் பாவித்தனர்.

மியூர்ஹவுஸ் என்னும் குடியிருப்பில் குடும்ப வைத்தியராகப் பணியாற்றிய ரோய் ரொபர்ட்சனும் அவரது சகாக்களும், எச்.ஐ.வி.க்கான பரிசோதனை வந்ததும் தம்மிடம் வந்த ஹெரோயின் பாவனையாளர்களின் குருதியைச் சோதித்தனர். முன்னர் சேமித்து வைத்திருந்த மாதிரிகளும் அவற்றில் அடங்கின. 164 பேரில் 51 சதவீதமானோருக்குத் தொற்று இருந்தது. 1986இல் இம்முடிவு வெளியானபோது நாடே அதிர்ந்தது. ஊசிகள் அவ்வளவு கட்டுப்படுத்தப்படாத கிளாஸ்கோ நகரில் அக்காலத்தில் எச்.ஐ.வி. மிகக் குறைவாகவே இருந்தது. வித்தியாசம் மனிதர்களின் ஒழுக்கத்தில் இருக்கவில்லை. ஊசி கிடைத்ததிலும் கிடைக்காததிலுமே இருந்தது.

அதே எடின்பரோவில் 1984இல் இன்னொரு துயரமும் நிகழ்ந்தது. குருதி உறையாத பிறவி நோயுடைய சிலருக்கு வைத்தியசாலையில் ஏற்றப்பட்ட குருதிப் பொருள் மூலம் எச்.ஐ.வி. தொற்றியது. அவர்கள் வைத்தியத்துக்காகச் சென்றவர்கள். மற்றவர்கள் போதைக்காக ஊசி ஏற்றியவர்கள். ஊரார் முந்தியவர்களைக் குற்றமற்றவர் என்றும் பிந்தியவர்களைக் குற்றவாளிகள் என்றும் பிரித்தனர். வைரசு அப்படிப் பிரிக்கவில்லை. சாவும் பிரிக்கவில்லை.

1986இல் இதனை ஆராய்ந்த நிபுணர் குழு, சுத்தமான ஊசிகளை வழங்க வேண்டும் எனச் சிபாரிசு செய்தது. அடுத்த ஆண்டு பாவித்த ஊசியைக் கொடுத்துப் புதிய ஊசியைப் பெறும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. அத்துடன் மெதடோன் என்னும் மருந்தும் வழங்கப்பட்டது. இது நாளுக்கு ஒரு தடவை வாயால் குடிப்பது. ஹெரோயின் இல்லாதபோது எழும் நடுக்கம், வலி, வேட்கை ஆகியவற்றை ஒரு முழு நாளைக்குத் தணித்து வைக்கும். அதைப் பெறுபவர் நாளெல்லாம் பணத்துக்கும் போதைக்கும் அலைய வேண்டியதில்லை. ஊசியும் தேவைப்படாது. இவ்விரு நடவடிக்கைகளின் பின்னர் எடின்பரோவில் புதிய தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு அது காலம் கடந்த உதவியே. பலன் மிக்க கூட்டு மருந்துகள் 1996இல்தான் வந்தன. அதற்கு முன்னரே பலர் இளவயதில் இறந்துவிட்டனர்.

‘முதலில் பழக்கத்தை விடு’

‘சி’ வைரசு 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. இது தொடர்பான பணிகளுக்காக ஹாவி ஆல்டர், மைக்கல் ஹூட்டன், சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசோதனை வந்த பின்னரே, எச்.ஐ.வி.யை விட இவ்வைரசு ஊசி பாவிப்போரிடையே எவ்வளவு பரவலாக இருந்தது என்பது தெரியவந்தது.

அக்காலச் சிகிச்சை இன்டர்பெரோன் ஊசியாகும். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் அளவில் அதனை ஏற்ற வேண்டும். காய்ச்சல், சோர்வு, கடும் மனச்சோர்வு என்பன உண்டாகும். அத்தனையும் தாங்கியவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேரே குணமடைந்தனர். 1997இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர் குழு, போதைப்பொருள் பாவித்துக்கொண்டிருப்போருக்கு இச்சிகிச்சையை அளிக்க வேண்டாம் எனக் கூறியது. அவர்கள் மருந்தை ஒழுங்காக எடுக்கமாட்டார்கள், குணமானாலும் மீண்டும் தொற்றிக்கொள்வார்கள் என்பவையே காரணங்கள். 2002இல் அதே அமைப்பு கூட்டிய குழு இத்தடையைத் தளர்த்தி, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது. எனினும் பழைய எண்ணம் பல வைத்தியசாலைகளில் நீண்டகாலம் நிலைத்தது.

2013இன் இறுதியில் சொபொஸ்புவிர் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதுவும் இதைத் தொடர்ந்து வந்த குளிசைகளும் வைரசு பிரதியாவதை நேரடியாகவே தடுப்பவை. பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் எடுத்தால் போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு குளிசையின் விலை 1000 டொலராக இருந்தது. பின்னர் பல நாடுகளில் மலிவான தயாரிப்புகள் வந்தன. மருந்து என்னும் குளம் நிறைந்துவிட்டது. இனி வாய்க்காலின் கதை.

டண்டீ: மருந்து நோயாளியைத் தேடிப் போனது

டண்டீ நகரம் அமைந்துள்ள டேசைட் பிரதேசத்தில் வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஓர் எளிய கேள்வியை எழுப்பினர். ஊசி பாவிப்போர் வைத்தியசாலையின் விசேட கிளினிக்குக்கு வருவதில்லை. ஆனால் அவர்கள் ஒழுங்காகப் போகும் இடம் ஏதும் உண்டா? உண்டு. மெதடோன் குடிக்கப் பாமசிக்குப் போகின்றனர். புதிய ஊசி பெற ஊசி நிலையத்துக்குப் போகின்றனர். சிலர் சிறைச்சாலையில் இருக்கின்றனர். அப்படியானால் சிகிச்சையை அவ்விடங்களுக்கே கொண்டு போகலாமே!

அவ்வாறே செய்தனர். விரலில் குத்திய ஒரு துளிக் குருதி ஒரு தாளில் எடுக்கப்பட்டது. தாதியரும் பாமசிக்காரரும் அங்கேயே மருந்தை வழங்கினர். மெதடோன் குடிக்க வரும்போதே ‘சி’ வைரசுக் குளிசையையும் கொடுத்தனர். பழக்கத்தை விட்டாயா என்று கேட்டு எவரையும் திருப்பி அனுப்பவில்லை. பாமசியில் சிகிச்சை பெற்றோரையும் வழமையான கிளினிக்குக்கு அனுப்பப்பட்டோரையும் ஒப்பிட்ட ஸ்கொட்லாந்து ஆய்வொன்று 2020இல் வெளியானது. பாமசியில் வைத்துக் கவனிக்கப்பட்டவர்களிலேயே கூடுதலானோர் சிகிச்சையை முடித்துக் குணமடைந்திருந்தனர்.

ஒருவர் குணமானால் அவரது ஊசியிலிருந்து அடுத்தவருக்குத் தொற்றாது. ஆகவே சிகிச்சையே தடுப்புமாகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2030ஆம் ஆண்டுக்கென வகுத்த இலக்கு, தொற்றியவர்களில் 90 சதவீதமானோரைக் கண்டறிந்து 80 சதவீதமானோருக்குச் சிகிச்சை அளிப்பதாகும். டேசைட் பிரதேசம் இதனைச் சுமார் பத்தாண்டுகள் முன்னதாகவே எட்டியது. ‘இவர்கள் மருந்து எடுக்கமாட்டார்கள்’ என்று சொன்ன வாய்களுக்கு இதுவே விடை.

இங்கு சில நுணுக்கங்களையும் கவனித்தல் வேண்டும். ‘சி’ வகைக்குத் தடுப்பூசி இல்லை. குணமடைந்தவருக்கு மீண்டும் தொற்றாது என்ற பாதுகாப்பும் இல்லை. சிலருக்கு மீண்டும் தொற்றவே செய்கின்றது. அவர்களுக்கு மீண்டும் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. ஆகவே குளிசையுடன் சுத்தமான ஊசியும் மெதடோனும் சேர்ந்தே போக வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் ‘பி’ வகை ஈரல் அழற்சி உண்டா எனப் பார்க்க வேண்டும். ‘சி’ நீங்கும்போது உறங்கிக் கிடந்த ‘பி’ விழித்துக்கொள்ளக் கூடும். எச்.ஐ.வி. மருந்துகளுள் எபாவிரென்ஸ் போன்ற சில, மெதடோனின் வேகத்தைக் குறைப்பவை. இதை அறியாத வைத்தியர் அளவைச் சரிசெய்யாது விட்டால், நோயாளி வேதனை தாங்காது எச்.ஐ.வி. மருந்தையே கைவிடுவார். அதைப் பிடிவாதம் என்று நாம் தவறாக எண்ணிவிடுவோம்.

கிளாஸ்கோ: கவனம் தவறினால்

முன்னர் தப்பியிருந்த கிளாஸ்கோவில் ஊசி பாவிப்போரிடையே ஆண்டுக்குச் சுமார் பத்துப் பேருக்கே எச்.ஐ.வி. புதிதாகக் கண்டறியப்பட்டு வந்தது. 2015இல் அத்தொகை திடீரென 40ஐத் தாண்டியது. தங்க வீடின்றி நகரின் நடுவே தெருவோரங்களில் ஊசி ஏற்றியோரும், ஹெரோயினுடன் கொக்கெய்னையும் ஏற்றியோருமே பெரிதும் பாதிக்கப்பட்டனர். கொக்கெய்னின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடுவதால் ஒரு நாளில் பல தடவை ஊசி ஏற்ற வேண்டியிருக்கும். மெதடோன் அதற்கு மாற்றாகாது. கிளாஸ்கோவிலும் தாதியர் தெருவுக்கே சென்றனர். எச்.ஐ.வி. குளிசைகள் பாமசியில் மெதடோனுடன் சேர்த்து வழங்கப்பட்டன. 2025 ஜனவரியில் அங்கே, தாதியரின் கண்காணிப்பில் சுத்தமான ஊசியால் ஏற்றிக்கொள்ளும் நிலையம் ஒன்று, பிரித்தானியாவிலேயே முதன்முதலாகத் திறக்கப்பட்டது. இதை ஏற்காதோரும் அங்கு உண்டு. ஆனால் வாய்க்காலை ஒருமுறை வெட்டினால் போதாது, ஆண்டுதோறும் துப்புரவு செய்யவும் வேண்டும் என்ற பாடத்தைக் கிளாஸ்கோ தருகின்றது.

எமக்கு இதில் என்ன?

இலங்கையில் ஹெரோயின் பாவிப்போர் பெரும்பாலும் அதைப் புகையாகவே உள்ளிழுக்கின்றனர். ஊசி ஏற்றுவோர் குறைவு. எச்.ஐ.வி. பரிசோதனையும் மருந்தும் அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் எமது நாட்டுக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகளைத் தேடிச் சென்ற குடும்பநல மருத்துவ மாதரின் உழைப்பு இச்சாதனையில் உண்டு. தேடிப் போனால் பலன் உண்டு என்பதற்கு எம்மிடமே சான்று இருக்கின்றது.

ஆயினும் எமது கிராமங்களிலும் ‘கடைசி வயல்கள்’ உண்டு. குடியை விடாத காசநோயாளி, சிறையிலிருந்து திரும்பிய இளைஞன், ஊராரின் வாய்க்கு அஞ்சிக் கிளினிக் வாசலில் இருந்து திரும்பிவிடும் பெண் ஆகியோர் யார் என்று நாம் அறிவோம். ‘திருந்தினால் உதவுவோம்’ என்ற நிபந்தனையை நாம் எளிதாக விதித்துவிடுகின்றோம். திருந்துவதற்கு ஒருவர் முதலில் உயிரோடிருக்க வேண்டும். பாமசி மேசையில் பெயர் சொல்லி அழைத்து, ஒரு குளிசையையும் ஒரு கிண்ணம் நீரையும் நீட்டிய கையினால், எடின்பரோவின் பறிமுதல்கள் சாதிக்காததை டண்டீ சாதித்தது.

கலந்துரையாடலுக்கு

1. எமது ஊரில் மருந்து இருந்தும் அதைப் பெறாதவர்கள் யார்? அவர்கள் வராமைக்குக் காரணம் தூரமா, பணமா, வெட்கமா, நாம் பேசும் வார்த்தைகளா?

2. அவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகப் போய்வரும் இடங்கள் எவை? கடை, சந்தை, சங்கக் கூட்டம் ஆகியவற்றில் எதன் மூலம் உதவியை அவர்களிடம் கொண்டு செல்லலாம்?

3. ஒருவரின் நோய் பற்றி எமக்குத் தெரியவந்தால் அதை இரகசியமாகக் காக்க எமது சங்கத்தில் என்ன ஒழுங்கு உண்டு?

4. ‘திருந்தினால் உதவுவோம்’ என்று நாம் ஒருவரைத் திருப்பி அனுப்பிய சந்தர்ப்பம் உண்டா? அதன்பின் அவருக்கு என்ன நேர்ந்தது?