காணி வெட்டிய பின் வரும் காய்ச்சல்: உண்ணிக் காய்ச்சலை அறிந்துகொள்வோம்

ஊர் திரும்பியதும் எல்லோரும் செய்கிற முதல் வேலை காணி வெட்டுவதுதான். நெடுங்கேணி, ஒலுமடு, மருதோடை, பட்டிக்குடியிருப்புப் பக்கங்களில் ஆண்டுக்கணக்காக ஆள் இல்லாமல் கிடந்த வளவுகளில் ஈச்சம்பற்றையும் இலுக்குப்புல்லும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட காணியிலேயே இறங்குங்கள் என்று முன்னைய பாடத்தில் சொன்னோம். அந்தப் பற்றைக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைப்பற்றியது இந்தப் பாடம்.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். இது ஒரு தனி ஆளுடைய கதை அல்ல. பலருக்கு நடக்கக்கூடியதைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒரு குடும்பத் தலைவர் மூன்று நாள் பற்றை வெட்டுகிறார். பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. வேலை செய்த அலுப்பு என்று பனடோல் போடுகிறார். நாலாம் நாள் இரத்தம் சோதித்ததில் மலேரியா இல்லை. கடையில் அமொக்சிசிலின் வாங்கிக் குடிக்கிறார், காய்ச்சல் விடவில்லை. எட்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியதும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வைத்தியர் உடுப்பை விலக்கி உடம்பு முழுக்கப் பார்க்கிறார். தொடைச்சந்தில் ஒரு சிறிய கறுத்த அயறு. நோகவும் இல்லை, கடிக்கவும் இல்லை. அதனால் அவர் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சரியான மருந்து தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குகிறது.

அந்த அயறுதான் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் காய்ச்சல் பலருக்கும் பழக்கமானது. மாரி காலத்தில் கூடுதலாக வரும். பெயரைக் கேட்டதும் மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணியைத்தான் நினைப்போம். ஆனால் வடக்கில் பெரும்பாலும் இதைக் கொண்டுவருவது அதைவிட மிகச் சிறிய ஒரு சிற்றுண்ணி. அதுவும் வளர்ந்த உண்ணி அல்ல, அதன் குடம்பி. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்களவுதான் இருக்கும். எலி நடமாடுகிற பற்றை, வயல் வரம்பு, ஈரப் புல் ஆகியவற்றில் காத்திருந்து, போகிற வருகிறவரில் ஏறி, உடுப்பு இறுக்கமாக இருக்கும் இடத்தில் கடிக்கும். கடித்தது தெரியாது. அதன் உமிழ்நீரோடு ஒரு கிருமி உடம்புக்குள் போகிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் நின்ற படையினரில் பெருந்தொகையானோரைப் படுக்கையில் விழுத்தியது இதே நோய்தான்.

மலைநாட்டில், கண்டிப் பக்கத்தில், இதன் உறவுக் காய்ச்சல் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதில் உடம்பெல்லாம் சிவந்த புள்ளி போடும். அதைப் பரப்புவது உண்மையான உண்ணி. இரண்டுமே ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. எனவே நோயாளியைத் தள்ளிவைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து பராமரிக்கலாம்.

ஏன் பிந்திக் கண்டுபிடிக்கப்படுகிறது?

இந்த நோய் ஒவ்வொருவரிலும் ஒவ்வொரு வேடம் போடும். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். பலருக்குப் பத்து, பன்னிரண்டு நாளில். தலையிடி கடுமையாக இருக்கும். கண் சிவக்கலாம். கமக்கட்டிலோ தொடைச்சந்திலோ நெறி கட்டலாம். ஒருவருக்கு இருமல் முன்னுக்கு நிற்கும், சளிக்காய்ச்சல் என்று நினைப்போம். இன்னொருவருக்கு வயிற்று நோவும் சத்தியும். சிலருக்குக் காது மந்தமாகும். மூளைக்கு ஏறினால் பிதற்றல், மயக்கம். தோலில் வரும் தடிப்பு எங்கள் நிறத்தில் இலேசில் தெரியாது. இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் குறையவும் கூடும். அப்போது டெங்கு என்று தோன்றும். வயலில் நின்றவர் என்றால் எலிக்காய்ச்சல் என்றும் நினைக்க இடமுண்டு. முன்பு வன்னியில் காய்ச்சல் என்றாலே மலேரியாதான் என்று பழகியவர்கள் நாங்கள். ‘மலேரியா இல்லை’ என்ற முடிவு வந்ததும் பயமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக எங்கள் உடம்பு செய்யும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. உடம்பு அதைச் செய்ய ஒரு கிழமையாவது வேண்டும். முதல் நாட்களில் எடுத்த இரத்தம் ‘இல்லை’ என்று சொன்னாலும் நோய் இருக்கலாம். வைல் பீலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை இலகுவானது, ஆனால் பல நோயாளிகளைத் தவறவிடும். திருத்தமான பரிசோதனைக்கு இரத்தம் தூர இடத்து ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். முடிவு வரும்வரை காத்திருந்தால் நோய் முற்றிவிடும். ஆகவே வைத்தியர் உங்கள் பேச்சையும் அந்த அயறையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்குகிறார். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. ‘இத்தனையாம் திகதி பற்றை வெட்டினேன்’, ‘விறகுக்குக் காட்டுக்குப் போனேன்’ என்று கேளாமலே சொல்லுங்கள்.

அயறைத் தேடுவதும் உங்கள் வேலை. சிகரெட்டால் சுட்ட புண் போல, நடுவில் கறுத்து, சுற்றிச் சிவந்திருக்கும். கமக்கட்டு, மார்புக்குக் கீழ், அரைநாண் கட்டுகிற இடம், தொடைச்சந்து, முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால், பிள்ளைகளுக்குத் தலைமயிருக்குள்ளும் பாருங்கள். பெண்கள் வைத்தியருக்குக் காட்டக் கூச்சப்படுவது இயல்பு. வீட்டில் தாயோ சகோதரியோ பார்த்து, இருக்கும் இடத்தை வாயால் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. அயறு எல்லோருக்கும் வருவதில்லை. இல்லையென்றால் நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கனடாவிலுள்ள உறவினர் தொலைபேசியில் ‘லைம்’ நோய் பற்றிச் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் லைம் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் அதுவும் உண்ணியால் வருவதுதான்; வளையம் போன்ற சிவப்புத் தடிப்பும், பிறகு மூட்டு வீக்கமும், முகம் ஒரு பக்கம் கோணுவதும் அதில் உண்டு. அதிலும் ஆரம்ப இரத்தப் பரிசோதனை நோயைத் தவறவிடும். ஆனால் அதைப் பரப்பும் உண்ணி குளிர்நாட்டுக் காடுகளுக்குரியது. நெடுங்கேணியில் பற்றை வெட்டியவர் தேட வேண்டியது வளையத்தை அல்ல, அயறை.

மருந்து மலிவானது, அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்: டொக்சிசைக்கிளின். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து கொடுப்பார்கள். ஆகவே கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள், இந்தக் காய்ச்சல் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் பாதிக்கும். அமொக்சிசிலின் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. குளிசையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். பாலோடு எடுக்க வேண்டாம். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை எறியாமல் சொன்ன நாள்வரை குடியுங்கள். மூச்சு வாங்கல், பிதற்றல், சலம் குறைதல், கண் மஞ்சளாதல் கண்டால் இரவென்றாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

காணி வெட்டும்போது நீளக் காற்சட்டை போட்டு, அதன் அடியைக் காலுறைக்குள் செருகுங்கள். சாரத்தைவிட அது நல்லது. கழற்றிய சேட்டைப் பற்றையில் போடாதீர்கள். களைத்தால் புல்லில் சரியாமல் சாக்கையோ பாயையோ விரியுங்கள். வீடு வந்ததும் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்து, அந்த உடுப்பை அன்றே தோய்த்து வெயிலில் போடுங்கள். தறப்பாள் கொட்டிலைச் சுற்றி ஐந்தாறு அடிக்குப் புல்லைச் செருக்கி வைத்தால் எலியும் குறையும். தோலில் பெரிய உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்போ மண்ணெண்ணெயோ வைக்காமல், சிறு சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக மெதுவாக இழுத்தெடுங்கள். நசித்தால் உள்ளேயுள்ளது கையில் படும். எடுத்த திகதியைப் பிள்ளையின் கொப்பியில் குறித்து வையுங்கள். மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அந்தக் கொப்பியையும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.