‘கோஜிரா’ காட்டும் அச்சம்

முன்னுரை

இராட்சத விலங்குப் படங்கள் என்றாலே சிறுவர்க்குரிய வேடிக்கை எனப் பலர் ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்கத் தகாத படம் ஒன்று உண்டு. 1954 நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் டோஹோ நிறுவனம் வெளியிட்ட ‘கோஜிரா’வே அது. ஆங்கிலத்தில் அதனைக் ‘காட்ஜில்லா’ என்பர். அதன் ஜப்பானிய வடிவத்தையும் அமெரிக்க வடிவத்தையும் ஒப்பிட்டு நோக்கியபோது எனக்குத் தோன்றிய கருத்துகளை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

படம் பிறந்த சூழல்

1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா நீரகக் குண்டுச் சோதனை நடத்தியது. அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேல் கதிரியக்கச் சாம்பல் படிந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர்; அவர்களுள் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். ஹிரோஷிமா, நாகசாகி துயரங்கள் நிகழ்ந்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன.

‘கோஜிரா’ திரைக்கு வந்தது அதே ஆண்டில்தான். கடலில் எழும் ஒளிவீச்சில் ஒரு படகு எரிந்து மூழ்குவதோடு படம் தொடங்குகிறது. மீனவர் துயரத்தை ஜப்பானியருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடலடியில் வாழ்ந்த தொன்மை விலங்கு குண்டுச் சோதனையால் வெளிப்பட்டு, தோக்கியோவை அழிப்பதே கதை.

படைப்புத் திறன்

இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து நாடு திரும்புகையில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் கண்டவர். தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. கனத்த விலங்குடை அணிந்த நடிகர், சிறிய மாதிரிக் கட்டடங்களை நொறுக்கினார். காட்சிகளை மிகுவேகத்தில் படம்பிடித்ததால், திரையில் விலங்கின் அசைவு மெதுவாகி, மலை நடப்பது போன்ற தோற்றம் கிடைத்தது.

ஆயினும் என் நெஞ்சில் நிற்பவை வேறு காட்சிகள். எரியும் நகரில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்து, விரைவில் அப்பாவிடம் போய்ச் சேர்வோம் என்கிறாள். மறுநாள் மருத்துவமனைத் தரையெங்கும் காயமுற்றோர். ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கம் அளக்கும் கருவி ஒலிக்கிறது. இவை கற்பனை அல்ல, மக்கள் அறிந்தவை.

வரவேற்பு

போர்த்துயரைக் காசாக்கும் படம் எனத் திறனாய்வாளர் சிலர் பழித்தனர். மக்களோ திரண்டு வந்தனர். ஏறத்தாழ 96 இலட்சம் பேர் கண்டனர் என்பர்.

1956இல் இப்படம் அமெரிக்காவில் உருமாறி வெளிவந்தது. ரேமண்ட் பர் என்னும் நடிகர் செய்தியாளராகத் தோன்றும் காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. 96 நிமிடப் படம் ஏறத்தாழ 80 நிமிடமாயிற்று. ரயிலில் ஒரு பெண் நாகசாகியில் உயிர் தப்பியதைக் குறிப்பிடும் பேச்சு நீங்கியது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா தோன்றக்கூடும் என முதிய அறிஞர் இறுதியில் விடுக்கும் எச்சரிக்கையும் நீங்கியது. உலகம் மீண்டும் வாழலாம் என்ற ஆறுதல் அவ்விடத்தைப் பிடித்தது. மூல வடிவம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக இடம்பெற்றது 2004இல்தான்.

அச்சம் பிறக்கும் களங்களுள் விலங்கும் ஒன்றெனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். அமெரிக்க வடிவம் பெரிதும் அவ்விலங்கச்சத்தையே தருகிறது. மூல வடிவம் தருவதோ மனிதன் செய்த கொடுமையின் அச்சம். சில நிமிடப் பேச்சை நீக்கியதால் துயர நினைவே படத்திலிருந்து பெரிதும் விலகிவிட்டது என்பது என் துணிபு.

முடிவுரை

படத்தில் செரிசாவா என்னும் விஞ்ஞானி, விலங்கைக் கொல்லவல்ல கொடிய கருவியைக் கண்டுபிடிக்கிறார். அது ஆள்வோர் கையில் சிக்கினால் அடுத்த போர்க்கருவியாகும் என அஞ்சுகிறார். ஒரே ஒருமுறை பயன்படுத்த இசைந்து, தம் குறிப்புகளை எரித்து, விலங்கோடு தாமும் கடலடியில் மாய்கிறார். கண்டுபிடித்தவனுக்கு அதன் பயனிலும் பொறுப்பு உண்டு என்பதை இதனினும் தெளிவாக உணர்த்திய வேடிக்கைப் படத்தை நான் கண்டதில்லை. அறிவியல் பயிலும் மாணவர் இப்படத்தைக் காண வேண்டும். மூல வடிவத்திலேயே காண வேண்டும்.