தண்ணீர் வேகம் குறைந்தால் முதலில் டிரம்மை வையுங்கள்

கோடை வந்தால் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஒரே பேச்சுதான்: "தண்ணி வேகமே இல்லை, இன்னொரு போர் போடணும்." நம் பகுதிக்கு அடியில் கடும்பாறை. வெடிப்பில் ஓடுவதுதான் தண்ணீர். அடுத்த போரில் கிடைக்கும் என்று யாரும் ஜாமீன் தர முடியாது. வங்கியில் போர்க் கடன் மனுக்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கடனுக்கு அலையுமுன் அரை மணி நேரம் சோதித்துப் பாருங்கள்.

ஜீவாமிர்தம் கரைக்கும் 200 லிட்டர் டிரம் போதும். ஃபில்டருக்கு முன்னால் உள்ள வால்வைத் திறந்து டிரம்மில் விடுங்கள். நன்றாக ஓடும் நாளில் எத்தனை நொடியில் நிறைகிறது, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி எவ்வளவு காட்டுகிறது என்று மோட்டார் ரூம் சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

டிரம் பழைய நேரத்தில் நிறைகிறதா? கிணறும் மோட்டாரும் சரி. கோளாறு வயலில்தான். சொட்டுநீரை ஓடவிட்டு அழுத்தமானியைப் பாருங்கள். ஃபில்டருக்கு முன் வழக்கத்தைவிட அதிகம் காட்டினால் எங்கோ அடைப்பு. முன்னுக்கும் பின்னுக்கும் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபில்டரைக் கழுவுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடியைக் கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவென்றால், குழாய் உடைந்திருக்கும். அல்லது ஒரே நேரத்தில் அதிக வால்வுகளைத் திறந்திருப்பீர்கள்.

டிரம் நிறையத் தாமதமாகிறதா? கோளாறு மோட்டார் அல்லது கிணற்றுப் பக்கம். லைன் வேலை அல்லது காயில் கட்டிய பிறகு இப்படி ஆனால், மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம். எலக்ட்ரீஷியன் மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிக் கட்டினால் சரியாகும். வோல்ட்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் சரியென்றால், உள்ளே இறங்கும் குழாயில் ஓட்டையா, பம்பு தேய்ந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் நன்றாக வந்து, கொஞ்ச நேரத்தில் காற்றோடு விட்டுவிட்டு வந்தால் ஊற்றுக் குறைவு. உடனே நிறுத்துங்கள், வெறுமனே ஓடினால் மோட்டார் புகைந்துவிடும். கேட் வால்வைச் சற்றே மூடி, இடைவெளி விட்டு இறையுங்கள்.

இயற்கை விவசாயிகள் நமக்குத் தனிக் கவனம் ஒன்று உண்டு. ஜீவாமிர்தத்தை இரண்டு முறை துணியில் வடிகட்டாமல் வென்சுரியில் விடக் கூடாது. விட்ட பிறகு பதினைந்து நிமிடமாவது வெறும் தண்ணீர் ஓட வேண்டும். சாணிச் சக்கையும் வெல்லப் பாகும் சொட்டுவானில் தங்கினால் பாசி பிடித்து அடைத்துவிடும்.

இத்தனையும் பார்த்து ஊற்றுதான் குறைவு என்று தெரிந்தால்கூட, போர் வண்டியைக் கூப்பிடுமுன் மூடாக்கும் வரப்பும் போட்டுப் பாருங்கள். நிலத்தில் தங்கும் ஈரம், இறைக்காமல் கிடைத்த தண்ணீர்.