ஒரு பாடசாலையும் ஒரு தீவும்

யுத்தம், வெள்ளம், பஞ்சம் ஆகியவற்றால் மக்கள் ஊரை விட்டுச் சென்றதை நாம் படித்திருக்கிறோம். பாடசாலை மூடப்பட்ட பின் ஆளில்லாமல் போன ஒரு தீவும் உலகில் உண்டு.

அலாஸ்காக் கரையிலிருந்து ஏறத்தாழ 64 கிலோமீற்றர் தூரத்தில், ஆர்ட்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, பேரிங் கடலில் உள்ளது கிங் தீவு. அதன் அகலம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவே. 1778 இல் அதனைக் கண்ட கப்டன் ஜேம்ஸ் குக், தம்முடன் வந்த அதிகாரி ஜேம்ஸ் கிங்கின் பெயரை அதற்குச் சூட்டினார். ஆனால் அங்கே முன்பே ஊரும் இருந்தது, ஊருக்குப் பெயரும் இருந்தது. இனுவிட் இனத்தின் ஒரு பிரிவினரான இனுபியாக் மக்களின் அவ்வூர் உகிவோக் எனப்பட்டது.

தீவில் சமதரை மிக அரிது. ஆகவே செங்குத்தான பாறைச் சரிவில் மரக்கால்களை நட்டு, அவற்றின் மேல் வீடுகளை அமைத்தனர். சுமார் 200 பேர் அங்கு வாழ்ந்தனர். குளிர்காலத்தில் ஆண்கள் உறைந்த கடலில் நடந்து சீல், வால்ரஸ் முதலியவற்றை வேட்டையாடினர். பெண்கள் அவற்றின் குடலைப் பதப்படுத்தித் தைத்து, நீர் புகாத மேலாடைகள் செய்தனர். குளிர்ந்த மலைக்குகையே இறைச்சிக் களஞ்சியம். கோடையில் தோற்படகேறி நோம் நகருக்குச் சென்று, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய பொருட்களை விற்றனர்.

இம்மக்களைக் குளிர் விரட்டவில்லை. காசநோய் சிலரை வாட்டியது. தொழில் தேடிச் சிலர் நோமில் தங்கினர். 1959 இல், பூர்வகுடிகளுக்குப் பொறுப்பான அமெரிக்க அரசுப் பணியகம் தீவின் பாடசாலையை மூடியது. பாறை உருண்டு விழும் அபாயம் காரணமாகச் சொல்லப்பட்டது. படிப்பதற்காகப் பிள்ளைகள் நோமுக்குச் செல்ல நேர்ந்தது. பிள்ளைகளைப் பிரிந்திருக்க எந்தப் பெற்றோர் விரும்புவர்? 1970 அளவில் தீவில் எவரும் இல்லை.

அங்கு ஒரு பிள்ளை இரண்டு பாடசாலைகளில் படித்தது. ஒன்று வகுப்பறை. மற்றையது, எந்தப் பனி பாரம் தாங்கும், எந்தப் பாறையில் பறவை முட்டையிடும் என்று பெரியவர்கள் காட்டிக்கொடுத்த தீவு. முதலாவது மூடப்பட்டபோது இரண்டாவதும் கைநழுவியது.

எனினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. அத்தீவினரின் வழிவந்த மானிடவியலாளர் டியானா கிங்ஸ்டன், முதியோரை மீண்டும் தீவுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் நினைவிலிருந்த இடப்பெயர்களைப் பதிவு செய்தார். நோமில் இன்றும் அவர்களது நடனம் தொடர்கிறது.

மாணவிகளே, கல்விக்காக ஊரையே விட்டு வந்தவர்கள் அப்பெற்றோர். கல்வி பெற்ற, அத்தீவினரின் வழிவந்த ஒரு பெண், ஊரின் பெயர்களை மீட்டுக் கொடுத்தாள். நாம் கற்பதும் நம்மவர்களின் அறிவைக் காப்பதற்குப் பயன்படட்டும்.